கட்டைவிரல் சொன்ன ஓம்

அன்பு மகனுக்கு,

போன ஞாயிறு காலைப் பூசையில் உன் பெயரையும் ஜெனிற்றாவின் பெயரையும் கோயிலில் வாசித்தார்கள், மூன்று ஞாயிறு வாசிக்கிற கலியாண ஓலையில் முதலாம் ஓலை. நீ கொழும்பில் வேலையில் நின்றபடியால் கேட்டிருக்க மாட்டாய். இன்னாரின் மகன், இன்னாரின் மகளைத் திருமணம் செய்ய இருக்கிறார், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் அறிவிக்க வேண்டும் என்று ஃபாதர் வழக்கமான குரலில் வாசித்தார். நானும் சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேரின் ஓலைகளைக் கேட்டிருக்கிறேன். யாரும் எழுந்து போய் எதையும் அறிவித்ததைக் கண்டதில்லை. அந்த வரி வருகிறபோது ஆட்கள் இருமுவார்கள், பிள்ளைகளின் கொலரை இழுத்துச் சரி செய்வார்கள், மத்தியானக் கறியைப் பற்றி யோசிப்பார்கள். நானும் அப்படித்தான். இந்த முறை மட்டும், வீட்டுக்கு வந்த பிறகு, அந்த வரி என்னைவிட்டுப் போகவில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு தடை தெரியும். பயப்படாதே. அது ஜெனிற்றாவிலும் இல்லை, உன்னிலும் இல்லை. கலியாண மண்டபத்தின் வாசலில் வைப்பதற்கு நீ பெரிதாக அடிக்கக் கொடுத்திருக்கிறாயே, அம்மாவின் படம், அதில் இருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அனுப்பும் குரல் பதிவுகளை நீ வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்பாய் என்று ஜெனிற்றா ஒருநாள் சிரித்துக்கொண்டு காட்டிக்கொடுத்துவிட்டாள். நான் மெதுவாகக் கதைக்கிறவன் என்பது எனக்கும் தெரியும். இதை அந்த வேகத்தில் நீ கேட்கக் கூடாது. எழுதி அனுப்பலாம் என்று பார்த்தால், நான் 'வ' என்று தொடங்க முன்னரே போன் 'வணக்கம்' என்று முடித்துத் தருகிறது. நான் யாருக்கும் வணக்கம் சொல்ல வரவில்லை. அதனால்தான் நீ பள்ளிக்கூடத்தில் எழுதி மிச்சம் விட்ட கொப்பியில் தாள் கிழித்து எழுதுகிறேன். வாசித்த பிறகு போட்டோ எடுத்துக் குடும்பக் குறூப்பில் போட வேண்டுமென்றால் போடு. அந்தப் படத்துக்கு இதயம் போட்டவர்கள் இதையும் வாசிக்கட்டும்.

அந்தப் போனை நீ ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிவந்து, எழுத்தெல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றி என் கையில் தந்தாய். அன்றிலிருந்து அது என்னிடம் கேள்வி கேட்டபடிதான் இருக்கிறது. உங்கள் இருப்பிடத்தை அறியலாமா, உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா, உங்கள் படங்களைப் பார்க்கலாமா. காற்று எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு பக்கத்தைத் திறந்தால் அந்தப் பக்கம் தன் பங்குக்கு ஒன்றைக் கேட்கும். மரண அறிவித்தல் பார்க்கப் போனால், செத்தவரின் முகத்தை மறைத்துக்கொண்டு இன்னொரு கேள்வி வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு சொல். அனுமதி. நிராகரி. அந்த இரண்டாவது சொல்லை நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் எதையாவது கேட்டவர்கள், வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு இடம் வைத்துக் கேட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒரு ஒழுங்குக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அனுமதியை அழுத்தினேன்.

அழுத்துவதும் லேசில்லை என்பது உனக்குத் தெரியும். வலையில் நண்டு கழற்றிக் கழற்றி உப்பில் ஊறின விரல் இது. கைரேகையை வைத்துப் போனைத் திறக்கலாம் என்று சொல்லி நீ என் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பார்த்தாய். மீண்டும் முயலவும், மீண்டும் முயலவும் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் இடது கைச் சின்ன விரலை மட்டும் மனிதனுடையது என்று ஏற்றுக்கொண்டது. கடலில் போனைப் பொலித்தீன் பையில் கட்டி மடியில் வைத்திருப்பேன். கொஞ்சம் வெளியே போனால், இந்தியாவுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று மெசேஜ் வரும். அந்தக் கரைக்குக் கிட்டப் போனால் எப்படி வரவேற்பார்கள் என்று படகில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், போனுக்கு மட்டும் தெரியாது. அந்தப் பக்கத்துச் சிக்னலைப் பாவிக்கவா என்று அது ஒருநாள் கேட்டது. அதற்கும் ஓம் என்று கொடுத்தேன். கரைக்கு வந்து சேர்ந்தபோது நீ போட்டுவிட்டிருந்த றீலோட் காசு முழுவதும் முடிந்திருந்தது.

உயிர்த்த ஞாயிறுக்கு நீ வந்தபோது போன் அசையாமல் நின்றுவிட்டது. தலைமயிர் வளர்க்கும் எண்ணெய், சேலைக் கடை, கடன் தருகிற ஆட்கள், யாரோ பாடுகிற பாட்டு என்று எல்லாம் அதற்குள் வந்து குடியிருந்தன. நீ கதிரையில் இருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு, "ஏனப்பா கேக்கிற எல்லாத்துக்கும் ஓம் எண்டு குடுக்கிறியள்? வாசிச்சுப் பாக்கிறேல்லையோ?" என்று கேட்டாய். வாசிக்கிறனான்தான் என்றேன். நீ சிரித்தாய். நானும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டேன். வாசித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன், தம்பி. ஏன் கொடுக்கிறேன் என்று அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ பிறப்பதற்கு முன்னிருந்தே என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மன்னார் ரவுணுக்குப் போகிற வழியில், பாலத்துக்கு முன்னால், ஆமிக்காரர் எனக்கு விளங்காத பாஷையில் கேட்பார்கள். ஓம் என்பேன். சில நேரம் 'ஹரி' என்பேன், அதற்கும் அதே அர்த்தம்தான். இந்தப் பக்கம் நில்லுங்கள், சரியா? ஓம். பையைத் திறக்கிறோம், சரியா? ஓம். பிறகு முகாமில். இந்தக் கூடாரத்தில் இன்னொரு குடும்பத்தையும் விடுகிறோம், சரியா? தண்ணீர் நாளைக்குத்தான் வரும், சரியா? கேட்டவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். உனக்கு பிஸ்கட் தந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் அந்தக் கேள்விகள் எல்லாம் முடிவெடுத்த பிறகு வருகிறவை. முதலில் பயத்தில்தான் ஓம் சொன்னேன். போகப்போகப் பயம் விட்டுப்போயிற்று, ஓம் மட்டும் வாயில் தங்கிவிட்டது. பயம் போனது நல்லதுதானே என்று நீ நினைப்பாய். அது தனியாகப் போகவில்லை, இருந்த மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மீள்குடியேற்றம் என்று பஸ்ஸில் ஏற்றி விடத்தல்தீவுக்குக் கொண்டுவந்து, கூரையும் கதவும் இல்லாமல் நின்ற சுவர்களைக் காட்டி, "இது உங்கட வீடுதானே?" என்று ஒருவர் கேட்டார். ஓம் என்றேன். பக்கத்து வளவுகளில் மண்ணைத் தொட்டு அழுதார்கள். நான் கிணற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு உன்னை நிழலில் இருத்தினேன்.

அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். முதல்முறை ஊரைவிட்டு வெளிக்கிட்டுப் போன வழியில், ஒரு மரத்தடியில் சோறு காய்ச்ச இருந்த இடத்தில் ஷெல் விழுந்தது. உனக்கு அப்போது நாலு வயது நடந்தது. அதை எழுதுவதற்கு என்னிடம் இதைவிட அதிகம் இல்லை. எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன், அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று. உலை இறக்கியாயிற்றா என்று நினைத்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அவளுடைய கைப்பையில் அடையாள அட்டை இருந்தது. அதை என்னுடைய அட்டையோடு சேர்த்துப் பொலித்தீனில் சுற்றி, போன இடமெல்லாம், முகாமுக்குள்ளும், கொண்டு திரிந்தேன். வீட்டில் அலுமாரியில் விட்டுவந்த அல்பங்கள் திரும்பி வந்தபோது இல்லை, அலுமாரியே இல்லை. அவளுடைய முகம் என்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த அட்டையில் இருந்த சின்னப் படம் ஒன்றுதான்.

ஊருக்கு வந்த பிறகு அவளுடைய மரணத்தைப் பதிய வேண்டி இருந்தது. வீட்டுத்திட்டத்துக்கும் கேட்டார்கள், உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் கேட்டார்கள். உன்னையும் கூட்டிக்கொண்டு பதிவுக் கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், எங்களைக் காக்க வைக்கவில்லை, உனக்கு எழுதிப் பார்க்கப் பேனை தந்தார். எல்லாம் முடிந்த பிறகு, "இறந்தவற்ற அட்டையை நாங்கள் எடுக்கவேணும் ஐயா, அதுதான் சட்டம். சரிதானே?" என்றார். ஓம் என்றேன். சுற்றியிருந்த பொலித்தீனோடு கொடுத்தேன். வெளியே வந்தால் எதிர்ப்பக்கமே போட்டோக்கொப்பி அடிக்கிற கடை. அந்தக் கடைக்குப் பக்கத்தில் உனக்கு பணிஸ் வாங்கித் தந்து, நீ தின்னும் வரையும் அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் பாதி வழி வந்த பிறகுதான், ஒரு கொப்பி எடுத்திருக்கலாமே என்று வந்தது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த மனிதர் தந்துமிருப்பார். நான் இறங்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளவும் இல்லை. உன் வாயில் ஒட்டியிருந்த சீனியைத் துடைத்துவிட்டது ஞாபகம் இருக்கிறது.

கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கி முதல்நன்மை எடுத்த அன்று, வெள்ளைச் சட்டையோடு வந்து, அம்மா எப்படி இருப்பா என்று நீ என்னிடம் கேட்டாய். அதற்கு முன் நீ அப்படிக் கேட்டதில்லை. பந்திக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சின்னம்மா பேசாலையிலிருந்து வந்து, முற்றத்தில் நின்று சர்பத் கலக்கிக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டி, சின்னம்மா மாதிரித்தான் என்றேன். கூடப்பிறந்தவர்கள்தானே, பொய் என்று ஒருவரும் சொல்லமுடியாது. நீ அன்று முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டே திரிந்தாய். கேள்வியை மூட வேண்டும், அது மூடினால் போதும் என்பதுதான் எனக்கு இருந்தது. நீ அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்திருப்பாய் என்றோ, வளர்ந்து கலியாணம் வருகிறபோது அதை ஸ்ரூடியோக்காரனிடம் கொண்டுபோவாய் என்றோ நான் நினைக்கவில்லை.

நீயும் அதைத்தான் செய்தாய். சின்னம்மாவின் இளவயதுப் படம் ஒன்றையும் உன்னுடைய படத்தையும் கொடுத்து, இரண்டையும் கலந்து கம்பியூட்டரில் ஒரு முகம் செய்வித்தாய். இப்போது இதெல்லாம் செய்கிறார்கள், தகப்பன் இல்லாத வீட்டுக் கலியாண அல்பத்தில் தகப்பன் சிரித்துக்கொண்டு நிற்கிறார் என்று நானும் கண்டிருக்கிறேன். அந்தப் படம் என் போனுக்கு வந்தபோது நான் கரையில் இருந்து வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் கரையில் சிக்னல் எப்படி என்று உனக்குத் தெரியும். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பனிப்புகார் போலத் தெரிந்த படம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. வெள்ளையாய், அழகாய், நீலச் சேலையில் ஒரு பெண். கீழே நீ எழுதியிருந்தாய்: "அப்பா, இது அம்மாதானே?" கேள்விக்குறிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நான் கையை வேட்டியில் துடைத்தேன். கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டுகிற அந்தச் சின்னப் படத்தைத் தேடி அழுத்தினேன். பிறகு நண்டைக் கழற்றினேன்.

அன்று பின்னேரம் நீ போன் எடுத்தாய். உன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "இப்பதானப்பா எனக்கும் ஒரு அம்மா இருக்கிற மாதிரி இருக்கு," என்றாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். நீ படத்தைக் குடும்பக் குறூப்பில் போட்டாய், கனடாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இதயங்கள் வந்தன, அப்படியே அவதான் என்று எழுதினார்கள். அவர்களில் கனபேர் அவளைக் கலியாணத்துக்குப் பிறகு கண்டதே இல்லை. சின்னம்மா என்னை அழைத்து அழுதாள். அக்காவைப் பார்த்த மாதிரி இருக்கு மச்சான் என்றாள். உன் ஞானஸ்நானத்துக்கு வந்ததற்குப் பிறகு அவளும் அக்காவைக் காணவில்லை, பேசாலை இருக்கிற மன்னார்த் தீவுக்கும் எங்கள் பக்கத்துக்கும் நடுவில் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. எல்லோரும் ஓம் சொன்ன பிறகு அது உறுதியாகிவிட்டது. நீ அதை உன்னுடைய அடையாளப் படமாகவும் வைத்தாய். அன்றிலிருந்து நீ எனக்கு எடுக்கிற ஒவ்வொரு முறையும், போனில் நீ வருவதில்லை, அந்தப் பெண்தான் வருகிறாள். மணி அடிக்கும், அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள், நான் சின்ன விரலால் அவளைத் தள்ளிவிட்டு உன்னோடு கதைப்பேன்.

இதில் எனக்கு வந்த கரைச்சல் என்னவென்றால், தம்பி, அம்மாவின் முகம் எனக்கு முந்தியே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது. யாருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். குரல் முதலில் போனது. முகம் நினைத்த உடனே வராது, ஆனால் வேறொரு வேலையாக இருக்கிறபோது, வலையைத் தோளில் போடுகிறபோதோ பல்லு விளக்குகிறபோதோ, ஒரு கணம் வந்துவிட்டுப் போகும். அது எனக்குப் போதுமாக இருந்தது. அந்தப் படம் வந்த பிறகு அப்படி வருவதும் நின்றுவிட்டது. கண்ணை மூடினால் நீலச் சேலைக்காரி வந்து நிற்கிறாள். அவளைத் தள்ளிவிட்டுப் பின்னால் பார்த்தால் ஒருவரும் இல்லை. கவலையாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. வெறுமையாக இருந்தது. அந்த வெறுமை எனக்குப் பழக்கமானதால், அதையும் விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு ஓலை வாசித்த பூசை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தேன். அதில் ஒரு புதுக் கேள்வி வந்திருந்தது. போனில் கிடக்கிற படங்களையெல்லாம் அது தானே பார்த்து ஆட்களைப் பிரிக்கிறதாம். ஒரு பக்கத்தில் சின்னம்மாவின் முகம், போன நத்தாருக்கு எடுத்தது. மறுபக்கத்தில் அந்த நீலச் சேலைப் பெண். மேலே எழுதியிருந்தது: இவர்கள் இருவரும் ஒரே நபரா? கீழே ஆம், இல்லை, உறுதியாகத் தெரியவில்லை. மூன்று இடம் வைத்துக் கேட்டிருந்தது.

என் விரல் ஆம் என்பதற்கு மேலே போய்விட்டது, பழக்கம்தானே. ஆனால் அழுத்தவில்லை. எல்லோரும் இதயம் போட்ட இடத்தில், அந்தப் போனுக்கு மட்டும் சந்தேகம் வந்திருந்தது. அது சரியாகத்தான் சந்தேகப்பட்டது. ஆம் என்று கொடுத்தால், என் வீட்டில் இருந்தவள் சின்னம்மாவோடு ஒன்றாகப் போய்விடுவாள். இல்லை என்று கொடுத்தால், அந்தப் பெண் யார் என்று நான் சொல்ல வேண்டும். தடை தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று பூசையில் கேட்ட அந்த வரி அப்போதுதான் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. அந்த வரியை எத்தனை வருடம் கேட்டிருக்கிறேன், அதுவும் உண்மையாகவே கேட்கிற கேள்வி என்று எனக்கு விளங்கியதில்லை. நான் கதிரையை வாசலடிக்கு இழுத்துப் போட்டு, வெளிச்சத்தில் இருந்து, அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். நெற்றியைப் பார்த்தேன். மூக்கைப் பார்த்தேன். இவை அவளுடையவையா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதுதான் உண்மை. படத்தைப் பக்கவாட்டில் தள்ளியபோது காது வந்தது. தள்ளினேன், மற்றக் காது வந்தது. இரண்டு காதிலும் தோடு. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன் அம்மாவுக்கு இரண்டு காதிலும் தோடு போட இயலாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, கலியாணத்துக்குப் போகிற மகனுக்குத் தகப்பன் ஏதாவது சொல்ல வேண்டுமாமே. ஒரு கேள்வியை மூடுவதற்காக ஓம் சொல்லாதே. என் வீட்டில் அப்படிச் சொல்லித்தான் பழகினாய் என்பதால் சொல்கிறேன். நான் சொன்ன ஓம்களில் உன்னை வளர்த்திருக்கிறேன், அவை உன்னை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கின்றன என்று பார். இரண்டு வீட்டாரும் கூடிப் பேச்சுக்கால் நடந்த அன்று, கலியாணத்துக்குப் பிறகு வேலையை விடலாம்தானே என்று நீ ஜெனிற்றாவைக் கேட்டாய். எல்லோரும் இருக்கிற இடத்தில் அவள் என்னைப் பார்த்து, "இல்லை மாமா, நான் வேலையை விடமாட்டன். பிறகு சொன்னா இவர் ஏமாந்த மாதிரி இருக்கும், அதுதான் இப்பவே சொல்லுறன்," என்றாள். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். எனக்கு அந்த இடத்தில் அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது. அந்த இரண்டாவது சொல்லைச் சொல்லத் தெரிந்த ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வருகிறாள். நீ அவளிடம் அதைப் படி. நான் பிந்திப் படிக்கிறேன்.

உனக்கு இது நோகும். உன் வாழ்க்கையில் உனக்கென்று கிடைத்த ஒரே ஒரு அம்மாப் படத்தை, ஓலை வாசித்த பிறகு வந்து நான் பிடுங்குகிறேன். அன்றைக்கு உன் குரல் இருந்த மாதிரியை நான் மறக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்ட உடனேயே சொல்லியிருக்க வேண்டும், அப்போது எனக்கே தெரியாது என்பதைவிட எனக்கு வேறு சாட்டு இல்லை. படத்தை அழிக்கச் சொல்லவில்லை. அவள் அழகான பெண், அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மண்டப வாசலில் நின்று எங்கள் ஆட்களை வரவேற்கிற இடம் அவளுடையதில்லை. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால், அப்பம்மா என்று அவளைக் காட்டாதே. குறூப் போட்டோவில் எனக்குப் பக்கத்தில் வெறும் இடம் விடவும் வேண்டாம். ஆட்கள் கேட்பார்கள், பதில் சொல்லி எனக்குக் களைத்துவிடும். சும்மா நெருக்கி நிற்போம். அடிக்கக் கொடுத்த கடைக்கு நீ எடுத்துச் சொன்னால் நிறுத்துவார்கள், இன்னும் இரண்டு ஓலை இருக்கிறது.

இனி அந்தக் காது. நீ தவழ்ந்து திரிந்த காலம். மத்தியானம், அவள் முற்றத்தில் பாயைப் போட்டுக் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள், நீ அவள் மடியில் ஏறிக்கொண்டிருந்தாய். வெயிலில் தோடு மினுங்கியிருக்க வேண்டும். நீ அதைப் பிடித்து, பிடித்த பிடியோடு பின்பக்கம் சாய்ந்தாய். அவளுடைய காதுத் துளை ஏற்கெனவே பாரத்தில் நீண்டு போயிருந்தது, கீழ்வரைக்கும் கிழிந்துவிட்டது. நான் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது அவள் தோளெல்லாம் இரத்தம். அவள் காதைத் தொடவே இல்லை. உன்னை மல்லாத்திப் போட்டு, விரலை உன் வாய்க்குள் விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தாள். தோட்டை விழுங்கிவிட்டாய் என்று நினைத்துவிட்டாள். "முழுங்கிப்போட்டானோ, பாருங்கோ, முழுங்கிப்போட்டானோ," என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். தோடு உன் கைக்குள்தான் இருந்தது, பொத்தின பொத்தாகப் பிடித்திருந்தாய், இரண்டு பேரும் சேர்ந்துதான் விரல்களை விரித்தோம். தைக்கப் போவதற்குப் பாதை இல்லாத நேரம். காது இரண்டாகப் பிரிந்தபடியே காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் ஒரு தோடுதான் போட்டாள். கோயிலுக்குப் போகிறபோது வலது பக்கத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வாள். வீட்டில் மூடமாட்டாள். ஆட்கள் கேட்டால், இது மகன் செய்த வேலை என்று, நீ ஏதோ பெரிய உத்தியோகம் பார்க்கிற மாதிரிச் சொல்வாள்.

கந்தோரில் கொடுத்த அட்டையிலும் அந்தக் காது முழுசாகத்தான் இருந்திருக்கும், அது அதற்கு முன் எடுத்த படம். எந்தப் படத்திலும் அவள் அப்படி இருந்ததில்லை. இதை எழுதுகிறபோது அவள் முகம் முழுதாக வரவில்லை, ஆனால் அந்தப் பக்கத்துக் கன்னமும் காதும் வந்தன, நீலச் சேலைக்காரி வரவில்லை. தாளை மடியில் வைத்து விடாமல் எழுதுகிறேன், எழுத்துக் கோணும். பார்த்து வாசி.

போன் கேட்டதற்கு இல்லை என்று கொடுத்துவிட்டேன். நீ கேட்டதும் இன்னும் அதில் அப்படியே இருக்கிறது, அதற்குக் கீழே நான் நிமிர்த்தின கட்டைவிரலும் இருக்கிறது. அப்பா, இது அம்மாதானே என்று கேட்டாய்.

இல்லை, தம்பி. அம்மாவின் காதில் உன் கை பட்ட இடம் இருந்தது.

அப்பா